வால்டர் ஜான்சன்: 417 வெற்றி, 279 தோல்வி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்ல?

கோட்டாறு_கேட்சர்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நாகர்கோவில்ல ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் அணி, எல்லாம் 14 வயசுக்குள்ள உள்ள பிள்ளைகள். ஐப்பசி மழையில மைதானத்துல இறங்க முடியாத நாளுக்குன்னு கரும்பலகைப் பாடம் ஒண்ணு தயார் பண்ணணும். முதல் பாடம் வால்டர் ஜான்சன், அமெரிக்காவுல பழைய காலத்துப் பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுறவர்.

எடுத்து வச்சிருக்க குறிப்பு இவ்வளவு. 1887 நவம்பர் 6-ல கான்சாஸ் மாநிலம் ஹம்போல்ட்ல பிறப்பு. பிறகு குடும்பம் கலிஃபோர்னியாவுல ஒலிண்டாவுக்கு மாறுது. 1907-ல ஐடஹோ மாநிலத்து வைசர்ங்கிற சின்ன ஊர் அணிக்கு வீசிக்கிட்டிருந்தவரை வாஷிங்டன் அணி எடுத்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 2-ல டெட்ராய்ட்டுக்கு எதிரா முதல் ஆட்டம். 1927 வரை 21 பருவம், வேற எந்த பெரிய லீக் அணிக்கும் ஆடினதே இல்ல. 802 ஆட்டம், 417 வெற்றி, 279 தோல்வி, 110 ஷட் அவுட் (எதிரணிக்கு ஒரு ரன்கூட விடாம முழு ஆட்டமும் வீசினது), 3,509 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரைப் பந்தைச் சரியா அடிக்க விடாமலே அவுட் ஆக்கினது), 5,914.1 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் பொறுப்புல விழுற ரன்) 2.17.

இனி சந்தேகம். 279 ஆட்டம் தோத்தவரை மிகச் சிறந்தவர்னு சொன்னா பிள்ளைகள் ஏன்னு கேப்பாங்க, அதுக்கு என்ன பதில்? 1913 ஈ.ஆர்.ஏ. ஒரு இடத்துல 1.09, இன்னொரு இடத்துல 1.14, எதை எழுத? வேகம் மணிக்கு 134 கி.மீ.ன்னு ஒண்ணு, 147-ன்னு ஒண்ணு. கடைசியா, முக்கியமானது: இவர் சைடுஆர்ம், கையைப் பக்கவாட்டுல கொண்டுவந்து வீசுறவர். 1908-ல நியூயார்க்குல நாலு நாளுக்குள்ள மூணு ஷட் அவுட் வீசியிருக்காரு. வருஷத்துக்கு 300 இன்னிங்ஸுக்கு மேல வீசியும் கை ஒருநாளும் கெடலன்னா அதுக்கு அந்த ஆக்‌ஷன்தானே காரணம்? அப்போ அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

வேளிமலை_ஸ்கோரர்:

முதல் கேள்விக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் வெற்றி தோல்வியை பவுலர் பெயரில் எழுதுவதில்லை. பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியையும் ஒரு பிட்சர் பெயரிலும், தோல்வியை எதிரணிப் பிட்சர் ஒருவர் பெயரிலும் எழுதியே ஆக வேண்டும். தன் அணி ஒரு ரன்கூட எடுக்காவிட்டாலும் தோல்வி பிட்சர் தலையில்தான் விழும். இதை முதலில் சொல்லிவிட்டு 1909-ஆம் ஆண்டைப் பலகையில் எழுதுங்கள். அந்தப் பருவத்தில் வாஷிங்டன் அணி 42 ஆட்டம் வென்று 110 தோற்றது. ஜான்சன் கணக்கு 13 வெற்றி, 25 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.22. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டேகால் ரன்கூட விடாத பிட்சர் 25 ஆட்டம் தோற்கிறார் என்றால் அணி எப்படி மட்டை பிடித்திருக்கும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அதற்கடுத்து ஒரே ஒரு எண் போதும். ஜான்சன் 1-0 என்ற கணக்கில் தோற்ற ஆட்டங்கள் 26. அதே 1-0 கணக்கில் வென்றவை 38. மொத்தம் 64 ஆட்டம் ஒற்றை ரன்னில் முடிந்திருக்கின்றன. ஒரு முறை ஷார்ட்ஸ்டாப் என்ற உள்வட்ட ஃபீல்டர் கையிலிருந்து பந்து நழுவினால் ஆட்டம் போச்சு என்ற நிலையில் 64 முறை நின்றிருக்கிறார்.

1910 முதல் 1919 வரை வரிசையாக 25, 25, 33, 36, 28, 27, 25, 23, 23, 20 வெற்றி. கூட்டினால் 265. பத்து ஆண்டில் ஒரு முறைகூட 20-க்குக் கீழே இறங்கவில்லை. 417 என்ற மொத்தத்தைவிட இந்த வரிசைதான் அவர் யார் என்று காட்டுகிறது என்பது என் கருத்து.

5,914.1 விஷயத்தில் கவனம் தேவை. புள்ளிக்குப் பின்னால் வரும் 1 என்பது பத்தில் ஒன்று அல்ல, மூன்று அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ் என்பதால் மூன்றில் ஒன்று, அதாவது ஒரு அவுட். .2 என்றால் இரண்டு அவுட். கணினி அட்டவணையில் 5914.1 என்று அப்படியே தட்டச்சு செய்தால் கணக்கு நழுவும், 5914.333 என்று போட வேண்டும். அவுட் எண்ணிக்கையாகச் சொன்னால் 17,743. ஈ.ஆர்.ஏ. கணக்கு: பிட்சர் பொறுப்பில் விழுந்த ரன்னை 9-ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுப்பது. ஜான்சனுக்கு 1,424 × 9 ÷ 5,914.333, விடை 2.17.

இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று சொல்லுங்கள். அவர் வீசும்போது எதிரணி எடுத்த மொத்த ரன் 1,902. அதில் 478 ரன், கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, ஃபீல்டர்கள் செய்த பிழையால் வந்தவை என்று கழிக்கப்பட்டிருக்கிறது. சின்ன கையுறை, மேடு பள்ளமான தரை, கறுத்த பந்து. அன்றைய ஃபீல்டிங் அப்படி. பிள்ளைகளுக்கு உதாரணம் வேண்டுமா? இரண்டு அவுட் ஆகிவிட்டது. ஷார்ட்ஸ்டாப் எளிய பந்தை விட்டு ஒருவர் முதல் பேஸ் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது, கடைசி ஹோம்) ஏறிவிட்டார். அடுத்தவர் ஹோம் ரன் அடிக்கிறார், இருவருமே சுற்றி வந்து ஹோம் தொடுகிறார்கள். ரன் இரண்டு, பிட்சர் கணக்கில் பூஜ்யம். அந்தப் பிழை இல்லாவிட்டால் இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்கும் என்பதால்.

இனி 1.09-ம் 1.14-ம். 1913-இல் அவர் 36 வெற்றி, 7 தோல்வி, 11 ஷட் அவுட், 346 இன்னிங்ஸ். பருவத்தின் தொடக்கத்தில் தொடர்ந்து 55.2 இன்னிங்ஸ் ஒரு ரன்னும் விடவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டம் அக்டோபர் 4, பாஸ்டனுக்கு எதிராக. முடிவு எதையும் மாற்றப்போவதில்லை என்பதால் இரு அணியும் அதை வேடிக்கை ஆட்டமாக ஆடின. சென்டர் ஃபீல்டில் நின்ற ஜான்சன் நடுவில் வந்து மெதுவாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். இரண்டு பேர் அடித்து பேஸ் ஏறினார்கள். அவர் மறுபடி ஃபீல்டுக்குப் போய்விட்டார். பிறகு வீசியவர்கள் காலத்தில் அந்த இருவரும் ஹோம் சேர்ந்தார்கள். பேஸில் ஏற்றிவிட்டவர் கணக்கில்தான் ரன் சேரும். 42 ரன் என்றால் 1.09, 44 என்றால் 1.14. நீங்களே வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். 1.14 என்றே எழுதுங்கள். 1968-இல் பாப் கிப்சன் என்ற பிட்சர் 304.2 இன்னிங்ஸில் 1.12 எடுத்தார். அந்த இரண்டு ரன்னால்தான் கிப்சன் முந்துகிறார்.

இதோடு சேர்த்து 1912-ஐயும் சொல்லாவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். அந்த ஆண்டு ஜான்சன் வரிசையாக 16 ஆட்டம் வென்றார். ஆகஸ்ட் 26-இல் செயின்ட் லூயிஸுக்கு எதிராக, சக பிட்சர் டாம் ஹியூஸ் இரண்டு பேரை பேஸில் விட்டுப் போன நிலையில் ஜான்சன் உள்ளே வந்தார். அந்த ரன் விழுந்தது, தோல்வி ஜான்சன் பெயரில் எழுதப்பட்டது, வரிசை முறிந்தது. இன்றைய விதியில் அந்தத் தோல்வி ஹியூஸுக்குப் போயிருக்கும். 1912-இல் மற்றவர் ஏற்றிவிட்ட ஆளுக்கு இவர் பொறுப்பு. 1913-இல் இவர் ஏற்றிவிட்ட ஆளுக்கும் இவரே பொறுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் யார் கணக்கில் ரன் சேரும் என்ற விதி மனதில் பதிந்துவிடும்.

பழைய புத்தகங்களில் 416 வெற்றி, 113 ஷட் அவுட், 3,508 ஸ்ட்ரைக் அவுட் என்று பார்க்க நேரிடும். ஸ்கோர் தாள்களை மறுபடி எண்ணிச் சரிசெய்ததால் வந்த வேறுபாடு அது. வாஷிங்டன் ஆடிய அமெரிக்கன் லீக் ஈ.ஆர்.ஏ.வை அதிகாரபூர்வமாக எடுத்ததே 1913-இல் இருந்துதான். அதற்கு முந்தியவை பின்னாளில் கணக்கிட்டவை.

குளச்சல்_சைடுஆர்ம்:

ஸ்கோரர் அண்ணாச்சி எண்ணைச் சொல்லிட்டாங்க. நான் கையைப் பத்திச் சொல்லுதேன். தம்பி, நீங்க கேட்ட கடைசி கேள்விலதான் ஆபத்து இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

முதல்ல ஒரு திருத்தம். கை ஒருநாளும் கெடலங்கிறது சரியில்ல. 1920-ல கை வலி வந்து 143.2 இன்னிங்ஸோட பருவம் முடிஞ்சுது. 8 வெற்றி, 10 தோல்வி. அதே வருஷம் ஜூலை 1-ல பாஸ்டன்ல வச்சு அவரோட ஒரே நோ-ஹிட்டர் (எதிரணி பேட்டர் யாரும் தன் அடியால பேஸ் ஏறாத ஆட்டம்) வீசினாரு, 1-0. அவரோட அணி ஃபீல்டர் பக்கி ஹாரிஸ் ஒரு பந்தை விட்டதுனால ஒருத்தர் மட்டும் பேஸ் ஏறினாரு, இல்லன்னா அது முழு பர்ஃபெக்ட் கேம். அதுக்குப் பிறகுதான் கை ஒத்துழைக்கல. 32 வயசு. அப்படி வலி வந்த கை திரும்பி வந்து 1924-ல 23 வெற்றி எடுத்தது உண்மை. ஆனா எல்லாருக்கும் அப்படித் திரும்பல.

அதே காலத்து வேற ரெண்டு பேரைப் பாருங்க. சிகாகோ அணியில எட் வால்ஷ், 1908-ல 464 இன்னிங்ஸ், 40 வெற்றி. 1912-லயும் 393 இன்னிங்ஸ். 1913-ல 97.2 இன்னிங்ஸ்தான். அதோட கை போயாச்சு. பாஸ்டன்ல ஸ்மோக்கி ஜோ வுட், 1912-ல 22 வயசுல 34 வெற்றி, 5 தோல்வி, 344 இன்னிங்ஸ். அந்த வருஷம் ஜான்சனையே 1-0-ன்னு தோக்கடிச்சவரு. அடுத்த வருஷம் கட்டைவிரல் முறிஞ்சுது, பிறகு தோள் வலி, கடைசியில பிட்சிங்கை விட்டு கிளீவ்லாண்டுக்கு அவுட்ஃபீல்டரா ஆடினாரு. ஜான்சன் நின்னதை மட்டும் பாத்து அந்தக் காலத்துப் பிட்சர் கை இரும்புன்னு சொன்னா, விழுந்தவங்களை எண்ணாம விட்டதாக்கும் அர்த்தம்.

ஜான்சன் எப்படித் தாங்கினாருன்னா ஆக்‌ஷன் பாதி, பந்து பாதி. 1920-க்கு முன்னால ஒரே பந்தை இன்னிங்ஸ் இன்னிங்ஸா ஓட்டுவாங்க. மண்ணும் புகையிலைச் சாறும் பட்டு கறுத்து, தையல் தளர்ந்து, அடிச்சாலும் தூரம் போகாது. 1916-ல 369.2 இன்னிங்ஸ் வீசி ஒரு ஹோம் ரன்கூட விடல அவரு. வாழ்க்கை முழுக்கவே 97 தான். ஹோம் ரன் பயம் இல்லன்னா கடைசி மூணு பேட்டருக்கு முக்கால் வேகத்துல போட்டாலே போதும்; பேஸ்ல ஆள் நிக்கும்போது மட்டும் முழு வேகம். இப்போ வீசுறவங்களுக்கு அந்த வசதி கிடையாது. 1920 ஆகஸ்ட்ல கிளீவ்லாண்ட் அணி பேட்டர் ரே சாப்மன் தலையில பந்து பட்டு இறந்த பிறகு பந்து கறுத்தாலே மாத்துற வழக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஜான்சன் ஈ.ஆர்.ஏ.யைப் பாருங்க: 1921-ல 3.51, 1922-ல 2.99, 1923-ல 3.48. 1919 வரைக்கும் வீசின அதே மனுஷந்தான், வயசு கூடியிருக்கு, கூடவே பந்தும் மாறியிருக்கு.

இனி சைடுஆர்ம். முழங்கையைத் தாழ்த்துறதுக்குப் பேரு சைடுஆர்ம்னு நிறைய பேரு நினைக்காங்க. அது தப்பு. மேல இருந்து வீசினாலும் பக்கவாட்டுல வீசினாலும் மேற்கை தோள் கோட்டோட சேர்ந்தேதான் நிக்கணும். மாறுறது உடம்போட சாய்வு. ஓவர்ஹேண்ட் வீசுறவன் கிளவுஸ் கைப் பக்கம் சாயுவான், அதனால கை மேல வரும். சைடுஆர்ம்காரன் நிமிர்ந்தோ பந்து கைப் பக்கம் லேசா சாய்ஞ்சோ சுத்துவான், அதனால கை பக்கவாட்டுல வரும். ஜான்சன் 6 அடி 1 அங்குலம், நீளமான கை. உடம்பு சுத்துற சுத்துல கை பின்னால வந்து சாட்டை மாதிரி போகும். கையால இழுத்து வீசுறதே இல்ல. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த ஆக்‌ஷன் இல்ல அது.

பையனைச் சைடுஆர்முக்கு மாத்தும்போது என்ன கெடும்னு சொல்லுதேன். உடம்பு பழைய சாய்விலேயே இருக்க முழங்கை மட்டும் தோளுக்குக் கீழ இறங்கும். அப்போ பந்தைத் தள்ளுற மாதிரி ஆகும், முழங்கை உள்பக்கம் வலிக்கும். வலின்னு சொன்ன அன்னைக்கே நிறுத்தணும். அடுத்தது, முன் தோள் சீக்கிரமே திறந்துபோறது. கை பின்தங்கி, வலது கைப் பையன்னா பந்து வலது கை பேட்டர் மேலயே உயரமாப் போகும். மூணாவது, உள்ளங்கை பந்துக்குக் கீழ போயிடும். பந்து இறங்காம மிதக்கும், எளிதா அடிபடும்.

கண்டுபிடிக்க வழி: போனை ஸ்லோ மோஷன்ல வச்சு பிட்சருக்கு நேர் பின்னால இருந்து எடுங்க. பந்து விரலை விடுற படத்துல நிறுத்தி ரெண்டு தோளையும் சேர்த்து ஒரு கோடு போடுங்க. முழங்கை அந்தக் கோட்டு மேலயே இருந்தா சரி. கீழ தொங்கினா அந்தப் பையனுக்கு அது வேண்டாம். வீடியோவுல இயல்பாவே கை தாழ்வா வர்ற பையனை விட்டுடுங்க, அவனை மேல தூக்கவும் வேண்டாம். மேல இருந்து வீசுறவனை ஜான்சனுக்காகக் கீழ இறக்க வேண்டாம்.

இன்னொண்ணும் இருக்கு. ஜான்சன் 200 பேருக்கு மேல பந்தால அடிச்சிருக்காரு. வேணும்னு இல்ல. பக்கத்துல இருந்து வர்ற பந்து கைப்பக்கமா ஓடும், வலது கை பேட்டர் மேல போகும். யாரையாவது காயப்படுத்திருவோமோன்னு அவருக்கு எப்பவும் பயம். அது தெரிஞ்சுதான் டெட்ராய்ட் பேட்டர் டை காப் ஹோம் பிளேட்டை ஒட்டி, பந்து வர்ற வழிக்குப் பக்கத்துலயே நிப்பாரு. சைடுஆர்ம் பயிற்சியில எதிர்ல நிக்கிற பையனுக்கு ஹெல்மெட் இல்லாம பந்து போடக் கூடாது.

கோட்டாறு_கேட்சர்:

ரொம்ப நன்றி. 1920 விஷயத்தைத் திருத்திட்டேன். நாலு நாளுல மூணு ஷட் அவுட் கதையை அப்போ விட்டுடவா? அதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

குளச்சல்_சைடுஆர்ம்:

விட வேண்டாம் மக்கா, சொல்லுங்க. 1908 செப்டம்பர் 4, 5, 7. 3-0, 6-0, 4-0. ஆறாம் தேதி ஞாயிறு, நியூயார்க்குல ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது, அதனாலதான் ஒருநாள் ஓய்வாவது கிடைச்சுது. அப்போ அவருக்கு 20 வயசு, முழுசா வளர்ந்த உடம்பு. சொல்லி முடிச்ச கையோட பலகையில நம்ம பிள்ளைகளோட அளவை எழுதுங்க. பிள்ளைகள் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் விதி இது: 11, 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, 13 முதல் 16 வயசுக்கு 95. 14 வயசு வரைக்கும் 66 பந்துக்கு மேல வீசினா நாலு நாள் ஓய்வு; 51 முதல் 65-க்கு மூணு; 36 முதல் 50-க்கு ரெண்டு; 21 முதல் 35-க்கு ஒண்ணு. 41 பந்து வீசின பையன் அன்னைக்கு கேட்சரா (பேட்டருக்குப் பின்னால பந்து பிடிக்கிறவன்) உக்காரவும் கூடாது. நம்ம பக்கம் தவறுறது இந்தக் கடைசி விதியிலதான். கை பலமுள்ள பையன் ஒருத்தன் இருந்தா அவனையே பிட்சராவும் கேட்சராவும் போட்டுடுறோம்.

மார்த்தாண்டம்_மவுண்டு:

வேகத்துக்கு நான் பதில் சொல்றேன். உங்ககிட்ட உள்ள ரெண்டு எண்ணும் சரி, வருஷம்தான் வேற. 1912-ல பிரிட்ஜ்போர்ட்ல, துப்பாக்கித் தோட்டா வேகம் அளக்குற கூடத்துல வச்சு எடுத்தது வினாடிக்கு 122 அடி. மணிக்கு 134 கி.மீ. அன்னைக்கு கூட வீசின நாப் ரக்கர் 113 அடி. 1917-ல எடுத்தது வினாடிக்கு 134 அடி, மணிக்கு 147 கி.மீ. இந்த 134 அடியையும் அந்த 134 கி.மீ.யையும் போட்டுக் குழப்பிடாதீங்க, எல்லாரும் தடுக்குற இடம் அது.

அந்தக் கூடத்துக் கருவி தோட்டாவுக்காகச் செஞ்சது. குறுகலான சட்டத்துக்குள்ள, நின்ன உயரத்துக்குப் பந்து போகணும். சைடுஆர்ம்காரருக்கு அது ரொம்பச் சிரமம், ஆக்‌ஷனை மாத்தித்தான் போட்டாரு. இன்னொரு விஷயம், இப்போ ரேடார் அளக்குறது பந்து கையை விட்ட உடனே. அந்தக் கருவி அளந்தது பந்து தூரம் போன பிறகு, வேகம் கொஞ்சம் குறைஞ்ச இடத்துல. அதனால கையை விட்ட இடத்துல இதைவிடக் கூடுதலாவே இருந்திருக்கும். எவ்வளவு கூடுதல்னு எண் போட்டு எழுதாதீங்க. வலைத்தளங்கள்ல ஆளுக்கொரு எண் போடுறதைப் பாத்து நம்ம பிள்ளைகளும் அதை அளந்த கணக்குன்னு நினைச்சிடுவாங்க.

பந்து: 142 முதல் 149 கிராம், சுற்றளவு 23 செ.மீ. சொச்சம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், சுற்றளவு கொஞ்சம் கம்மி. ரெண்டையும் கையில கொடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஜான்சன் முதல் சில வருஷம் வீசின பந்துக்கு நடுவுல ரப்பர் உருண்டைதான். 1911 பருவத்துல இருந்து கார்க் நடு. ரப்பர் தோட்டம் உள்ள குலசேகரம், அருமனை பிள்ளைகள் இருந்தா ரப்பர் எப்படித் துள்ளும்னு சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பிட்சர் கால் வைக்கிற வெள்ளைப் பலகைக்கும் ரப்பர்னுதான் பேரு, 61 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம்.

தூரம் 1893-ல இருந்தே 60 அடி 6 அங்குலம், 18.44 மீட்டர். ரப்பரோட முன் விளிம்புல இருந்து ஹோம் பிளேட்டோட பின்முனை வரைக்கும் அளக்கணும். பிளேட்டோட முன்விளிம்புல டேப்பை வச்சா 43 செ.மீ. கூடுதலாப் போயிடும். இதை நிறைய மைதானத்துல தப்பா வச்சிருக்காங்க. 12 வயசு வரை உள்ளவங்களுக்கு 46 அடி, அதாவது 14.02 மீட்டர் போதும். மவுண்டு, அதாவது பிட்சர் நிக்கிற மண்மேடு, உயரம் ஜான்சன் காலத்துல 15 அங்குலம் வரை வைக்கலாம். 1969-ல இருந்து 10 அங்குலம். உயரம் கூடினா பிட்சருக்கு லாபம், அதையும் அந்தக் காலத்து எண்களோட சேர்த்துச் சொல்லுங்க.

வகுப்பு முடிஞ்சு மவுண்டு கட்டுற யோசனை இருந்தா ஒரு வார்த்தை. நம்ம செம்மண்ல சரளை இருக்கும், கால் ஊன்றுற இடம் ரெண்டே நாள்ல குழியாயிடும். குளத்துக் களிமண்ணைக் காயவச்சு உடைச்சு, பாதிக்குக் கிட்ட கலந்து, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு அடுக்கா இடிச்சு ஏத்தணும். ஒவ்வொரு அடுக்குக்கும் லேசா தண்ணி தெளிச்சாத்தான் பிடிக்கும். ஒரே மூச்சுல கொட்டி இடிச்சா மேல மட்டும் இறுகி உள்ள பொடியா நிக்கும், முதல் மழையில கரைஞ்சு ஓடும். ரப்பருக்கு முன்னால 6 அங்குலம் சமதளம், அதுக்குப் பிறகு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு. மேல தார்ப்பாய் கட்டாயம்.

ஈர மவுண்டு என்ன செய்யும்ங்கிறதுக்கு ஜான்சன் கதையிலயே உதாரணம் இருக்கு. 1925 உலகத் தொடர் (ரெண்டு பெரிய லீக்கோட சாம்பியனும் மோதுறது), பிட்ஸ்பர்க், அக்டோபர் 15, ஏழாவது ஆட்டம். முதல் ஆட்டத்தை 4-1, நாலாவதை 4-0-ன்னு ஜெயிச்சுக் கொடுத்திருந்தாரு. நாலாவது ஆட்டத்துல ஓடும்போது கால் தசை பிடிச்சிருந்துது. ஏழாவது நாள் மழை. கால் நிக்க மரத்தூள் கேட்டுக் கேட்டுப் போட்டு வீசினாரு. 37 வயசு. எட்டு இன்னிங்ஸும் முழுக்க அவரேதான், 15 ஹிட் விழுந்து 9-7-ன்னு தோத்தாங்க. ஊன்றுற கால் வழுக்கினா இடுப்பு நிக்காது, இடுப்பு நிக்காட்டா கைதான் எல்லா வேலையும் செய்யும். மர மில்லுல ஒரு சாக்கு மரத்தூள் வாங்கிப் போட்டு வையுங்க. அதைப் போட்டும் வழுக்குதுன்னா அன்னைக்குப் பிட்சிங் வேண்டாம்.

கோட்டாறு_கேட்சர்:

அருமை. கடைசியா ஒண்ணு. பிள்ளைகள் கையாலேயே ஸ்கோர் தாள் நிரப்பிப் பாக்க அவரோட ஆட்டத்துல ஒரு இன்னிங்ஸ் சொல்லுங்க அண்ணாச்சி.

வேளிமலை_ஸ்கோரர்:

1924 அக்டோபர் 10, உலகத் தொடர் ஏழாவது ஆட்டம், வாஷிங்டனில், நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக. 12-ஆவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி.

பின்னணியை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். 18-ஆவது பருவத்தில்தான் ஜான்சனுக்கு முதல் உலகத் தொடர். முதல் ஆட்டத்தை 12 இன்னிங்ஸ் வீசி 4-3 என்று தோற்றார். ஐந்தாவதையும் 6-2 என்று தோற்றார். ஒரே ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு ஏழாவது ஆட்டத்தில் 3-3 என்ற நிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸில் உள்ளே வந்து, நான்கு இன்னிங்ஸ் ரன் விடாமல் நின்றார்.

இனி தாளில் எழுத வேண்டியது. பிட்சர் ஜேக் பென்ட்லி. ஒரு அவுட் ஆகிவிட்டது. மடி ரூயல் மட்டை பிடிக்கிறார். பந்து ஹோம் பிளேட் பின்னால் ஃபவுலாக, அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே, மேலே எழுகிறது. கேட்சர் ஹாங்க் கவுடி தான் கழற்றிப் போட்ட முகமூடியிலேயே கால் மாட்டி, பந்தை விட்டுவிடுகிறார். கேட்சருக்குப் பிழை என்று எழுத வேண்டும். பேட்டர் அவுட் இல்லை. அதே ரூயல் அடுத்து இரண்டு பேஸ் அடி அடிக்கிறார். அடுத்து மட்டை பிடிப்பது ஜான்சனே. அன்று பிட்சர்களும் மட்டை பிடிப்பார்கள். இவர் நன்றாக அடிப்பவர், அடுத்த ஆண்டு 1925-இல் 97 முறை ஆடி 42 ஹிட், சராசரி .433 எடுத்தவர். அதனால் அவருக்குப் பதில் வேறொருவரை அனுப்பும் எண்ணமே வந்திருக்காது. அவர் அடித்த தரைப் பந்தை ஷார்ட்ஸ்டாப் டிராவிஸ் ஜாக்சன் விடுகிறார். இன்னொரு பிழை. ரூயல் இரண்டாவது பேஸிலேயே நிற்கிறார். அடுத்து ஏர்ல் மெக்நீலி. மூன்றாவது பேஸ் பக்கம் போன தரைப் பந்து ஃபிரெட் லிண்ட்ஸ்ட்ராம் முன்னால் துள்ளி அவர் தலைக்கு மேல் போகிறது. அவர் தொடவே இல்லை என்பதால் இது ஹிட், பிழை அல்ல. ரூயல் ஓடி வந்து ஹோம் தொடுகிறார். 4-3.

தாள் நிரப்பி முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ரன் பென்ட்லியின் ஈ.ஆர்.ஏ.வில் சேருமா? இன்றைய விதிப்படி சேராது. கவுடி அந்த ஃபவுலைப் பிடித்திருந்தால் ரூயல் பேஸ் ஏறியிருக்கவே மாட்டார். ஆட்டத் தோல்வி யார் பெயரில்? பென்ட்லி பெயரில்தான். வெற்றி ஜான்சன் பெயரில். பாடத்தின் தொடக்கத்தில் பலகையில் எழுதிய 279-ஐ அழிக்காமல் வைத்திருங்கள், இந்த இடத்தில் பிள்ளைகள் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்.